மேடையில் கட்டிய வரி

எட்டாயிரத்து எழுநூற்று நாற்பது. மாநகராட்சிக்கு நான் தர வேண்டிய பாக்கி அது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், குப்பை வரி, இதையெல்லாம் கட்டாததற்கு அபராதம், அபராதத்தையும் கட்டாததற்கு வட்டி. குப்பைக்கு வரி வாங்குகிறவர்கள் குப்பையை வாங்குவதில்லை. அது தெருமுனையில் எங்களோடுதான் குடியிருக்கிறது, வரி கட்டாமல்.

சிவப்பு ஓரம் போட்ட அறிவிப்பு ஒன்றை ஓர் ஆள் எங்கள் கதவில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனான். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும். இதைப் படித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். கற்றதிலிருந்து நல்ல செய்தி ஒன்றையும் படித்ததாக நினைவில்லை.

குடிக்கிற தண்ணீருக்காக நான் கவலைப்படவில்லை. நாலு வீடு தள்ளிப் போய்க் கேட்டால் ஒரு குடம் கிடைக்கும், கூடவே நாலு வார்த்தையும் கிடைக்கும், வாங்கிக்கொண்டு வரலாம். என் மனைவி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து விடுதிக்குப் படுக்கை விரிப்புகள் துவைத்துத் தருகிறவள். காலையில் மூட்டை வரும். சாயங்காலம் காய்ந்து மடித்துப் போக வேண்டும். குடத்தில் கடன் வாங்கி அத்தனை விரிப்பும் துவைக்க முடியாது. ஒரு நாள் விரிப்பு போகவில்லையென்றால் விடுதிக்காரர் மறுநாளே துவைக்கும் எந்திரம் வைத்திருக்கிறவனிடம் மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். அவன் அதற்காகவே விடுதி வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். எங்கள் அடுப்பு அப்போது எரிந்துகொண்டிருந்தது அந்த விரிப்புகளால்தான்.

என் சம்பளத்தால் எரியவில்லை. நான் சாலைக் குழி அடைக்கிற கூலி. எங்களுக்குக் கூலி தருவது காண்டிராக்டர். காண்டிராக்டருக்குத் தருவது மாநகராட்சி. மாநகராட்சி அவருக்கு ஐந்து மாதமாகத் தரவில்லை என்று சொல்லி, அவர் எங்களுக்குச் செலவுக்கு மட்டும் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நின்றுபோன கூலி எனக்கு மட்டும் பத்தொன்பதாயிரம். யானைக்குத் தீனி போடுகிறவனிடமே யானை கடன் கேட்டு நோட்டீஸ் ஒட்டுகிற கதை இது.

அறிவிப்பைப் பிய்த்து மடித்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். வரி வாங்கும் சன்னலில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"சார், நான் உங்களுக்குத் தரணும். நீங்க எனக்குத் தரணும். அதுல இதக் கழிச்சுக்குங்களேன்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "உன் கூலி பொறியியல் பிரிவு. இது வருவாய்ப் பிரிவு."

"ரெண்டும் ஒரே கட்டடந்தானே சார்?"

"மாடி வேற," என்றார். பின்னால் நின்றவனைப் பார்த்து, "அடுத்து," என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மேயர் கிளம்பினார். வார்டு வார்டாகப் போய், வரி எதற்கு வாங்குகிறோம், வாங்கிய வரியில் என்ன செய்கிறோம் என்று மக்களுக்கு நேரிலேயே விளக்கப் போகிறாராம். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் வார்டுக்குப் பள்ளிக்கூட மண்டபம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற சாலை, பிள்ளைகள் விழுந்து முட்டி பெயர்த்துக்கொண்ட காலமெல்லாம் அப்படியே கிடந்தது. மேயரின் கார் குலுங்கக் கூடாது என்றதும் எங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தாரும் வந்தது, ஜல்லியும் வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மாடி வேறு என்பார்கள்.

நாங்கள் குழியைச் சுற்றிப் பழைய தாரைக் கொத்திக்கொண்டிருந்தபோது மேயரின் உதவியாளர் வந்தார். ஊரில் அவருக்குக் கைக்குட்டை என்று பெயர். மேயர் பேசப்போகிற மைக்கை அவர்தான் கைக்குட்டையால் துடைப்பார். மேயர் உட்காரப்போகிற நாற்காலியையும் துடைப்பார். ஒரு மழை நாளில் மேயரின் காலணியைத் துடைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதே கைக்குட்டையால் பிறகு தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார் என்று அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

"மேஸ்திரி, உன் ஆளுங்கள்ல வரி பாக்கி வெச்சவன் எவனாவது இருக்கானா?"

"பாக்கி இல்லாதவன் இருக்கானான்னு கேளுங்க சார். சட்டுனு சொல்லிடுவேன்."

"சொந்த வீடு இருக்கணும். பாத்தா பாவமாத் தெரியணும். ஆனா ரொம்ப அழுக்கா இருக்கக் கூடாது. போட்டோவுல விழணும்."

மேஸ்திரி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார், சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி. "இவன எடுத்துக்குங்க," என்று என்னைக் காட்டினார். "வீடு இவங்க அப்பா கட்டினது. பல்லும் பரவால்ல."

கைக்குட்டை என்னை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். விஷயம் இதுதான். கூட்டத்தில் மேயர் பேசி முடித்ததும், பாக்கி வைத்திருந்த ஓர் ஏழைக் கூலி மேடையேறி, மேயரின் பேச்சைக் கேட்டு மனம் மாறி, மொத்தப் பாக்கியையும் அங்கேயே கட்டிவிட வேண்டும். பத்திரிகைக்காரன் படம் எடுப்பான். பார்க்கிறவர்களுக்குத் தாங்களும் கட்ட வேண்டும் என்று தோன்றும்.

"காசு?" என்றேன்.

"காசு நான் தர்றேன். உறையில போட்டுக் குடுப்பேன். மேடையில காசாளர் இருப்பாரு. அவர்கிட்ட குடு, ரசீது குடுப்பாரு. கூட்டம் கலைஞ்சதும் ரசீத என்கிட்ட குடுத்துடு. நான் காசாளர்கிட்டேருந்து காச வாங்கிக்கிறேன்."

"உறைக்குள்ள வெறும் காயிதம் வெச்சாப் போதாதா சார்?"

"போன வார்டுல அப்படித்தான் வெச்சோம். அந்த முட்டாப்பய உறைய தலைகீழாப் புடிச்சுட்டான். பேப்பர் பேப்பராக் கொட்டிப்போச்சு. முன்வரிசையில இருந்த கெழவர் ஒருத்தரு பொறுக்கிக் குடுக்கறாரு. அதான் இந்தத் தடவ நெஜ நோட்டா இருக்கட்டும்னு ஐயா சொல்லிட்டாரு."

"அப்போ நான் கட்டினதா ஆயிடுமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த முட்டாப்பயலின் அண்ணனைக் கண்டுபிடித்துவிட்ட சலிப்பு இருந்தது. "ஆகாது. கட்டின மாதிரி. அதுக்குப் பதிலா, உன் வீட்டுக் குழாய வெட்ட வர்றவங்கள ஒரு மாசம் தள்ளி வரச் சொல்றேன்."

ஒரு மாதம். அதற்குள் கூலி வந்தாலும் வரலாம் என்று கணக்குப் போட்டேன். சரி என்றேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கல்லில் விரிப்பை அடித்துக்கொண்டிருந்தாள். அடிப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு மாசத்துக்கா?"

"ஆமா."

"மானத்த விக்கறதே விக்கறீங்க, ஒரு வருசம் கேட்டிருக்கலாமில்ல?"

"நான் எங்க கேட்டேன், அவராத்தான் சொன்னாரு."

"அதான் தெரியுதே. உங்களுக்குக் கேக்கவும் வராது, மாட்டேன்னு சொல்லவும் வராது. நடுவுல நின்னு தலையச் சொறிவீங்க." விரிப்பை உதறினாள். தண்ணீர் என் மேல் தெறித்தது. தற்செயல் இல்லை. "அந்தச் சட்டையக் கழட்டிப் போடுங்க. மேடைக்கு இதோடயா போவீங்க?"

விரிப்புகளோடு சேர்த்து என் சட்டையையும் துவைத்தாள். விடுதி கொடுக்கிற மலிவுச் சோப்புதான். மேயருக்கு அது போதும் என்றாள்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகள். பெரியவர்கள் எல்லாரும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மேயருக்கு மட்டும் கைவைத்த நாற்காலி. கைக்குட்டை அதைத் துடைத்துவிட்டு, மைக்கைத் துடைத்துவிட்டு, ஓரமாக நின்றார்.

மேயர் எழுந்தார். நல்ல உருண்ட குரல். அந்தக் குரலில் சாவுச் செய்தி சொன்னாலும் கல்யாணச் செய்தி மாதிரி இருக்கும்.

"வரியை நாங்கள் உயர்த்தவில்லை. சீரமைத்திருக்கிறோம்."

"சீரமைச்சா எவ்ளோ ஆகும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நூற்றுக்குப் பதினெட்டு கூடும்," என்றார் அதே புன்னகையோடு.

பிறகு சேவை சேவை என்று கொஞ்ச நேரம் முழங்கினார். அது முடிந்ததும் வெள்ளைத் துணியில் ஒரு வட்டத்தைப் படமாகக் காட்டினார்கள். நாம் கட்டுகிற வரி அந்த வட்டமாம். அதைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு நிறம் பூசியிருந்தார்கள். சம்பளம் ஒரு துண்டு. தண்ணீர் ஒரு துண்டு. விளக்கு ஒரு துண்டு. சாலைத் துண்டைத் தேடிப் பார்த்தேன், வேலைக்காரன் புத்தி. ஈர்க்குச்சி தடிமனுக்கு இருந்தது. அதற்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் நல்ல கொழுத்த துண்டு ஒன்று. என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டினேன். 'இதர' என்று இருந்தது. இத்தனை வருஷமாக நான் அடைத்த குழிகளையெல்லாம் விட இந்த ஊரில் இதரதான் பெரிய குழி.

ஒருவரும் அதைக் கேட்கவில்லை. பதினெட்டையும் கேட்கவில்லை. கேள்வி கேட்கலாம் என்று மேயர் சொன்னதும் எங்கள் தெருத் தையல்காரர் எழுந்தார்.

"ஐயா, எங்க தெரு விளக்கு பகல்ல எரியுது. ராத்திரி அணைஞ்சுபோவுது."

"எரிகிறதா, இல்லையா?"

"எரியுதுங்க. பகல்ல."

"அப்படியானால் விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும். குறித்துக்கொள்ளுங்கள்."

கைக்குட்டை குறித்துக்கொண்டார். பேனாவின் மூடியைக் கழற்றவில்லை. தையல்காரர் பெரிய காரியம் சாதித்தவர் மாதிரி உட்கார்ந்தார். அடுத்தவர் தன் வீட்டு முன்னால் நாய் குரைப்பதைச் சொன்னார். அதற்கடுத்த அம்மாள் தன் வீட்டு முன்னால் மாடு படுப்பதைச் சொன்னார். தன் வாசலுக்கு எதிரே உள்ள குழியைத் தவிர வேறொரு குழி இந்த ஊரில் இருப்பதாக அந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியவில்லை. இவர்களுக்கு இந்த மேயர் அதிகம் என்று நினைத்தேன். நாய் எல்லாம் குறிக்கப்பட்டது, மாடும் குறிக்கப்பட்டது, கடைசியில் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கை சும்மாதானே இருந்தது.

கைக்குட்டை என்னைக் கண்ணால் கூப்பிட்டார். மேடைக்குப் பின்னால் வைத்து உறையையும் ஒரு துண்டுச் சீட்டையும் என் கையில் திணித்தார். "இதப் படி. படிக்கத் தெரியுமில்ல?"

"கூட்டிப் படிப்பேன்."

"போதும், போதும். போ."

மேடையேறினேன். காசாளர் ஒரு சின்ன மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கட்டை குட்டையான மனிதர், சிரித்தே பார்த்ததில்லை. வரி கட்டப் போனவர்களுக்குத் தெரியும், ஒரு நோட்டில் ஓரம் மடங்கியிருந்தால் கூட நீவித் தரச் சொல்வார். மேசையில் ரசீதுப் புத்தகம், முத்திரை, மேலே வாய் கீறிய ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. அலுவலகத்துக்கு வெளியே வசூல் என்றால் அந்தப் பெட்டி கூடவே வரும்.

சீட்டைப் பிரித்தேன். கைக்குட்டையின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. "இந்த... மா... மாநகரின்... வளர்ச்... வளர்ச்சியில்... என்..." என்று கூட்டினேன். 'பங்கு' என்ற சொல் மட்டும் பிடிபடவே இல்லை. மூன்று தடவை முட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைக்கிறாள். எனக்குத் துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். மேயர் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார்.

"இவருக்குப் பேச வரவில்லை. பேச வேண்டாம். இது இவருடைய வியர்வைக் காசு. கடன் வாங்கிய காசு அல்ல, யாரும் கொடுத்த காசு அல்ல. உழைத்த காசு. இந்த ஊரின் உண்மையான குடிமகன் இவர்."

பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். உறையைக் காசாளரிடம் கொடுத்தேன். மனிதர் நோட்டுகளை வெளியே எடுத்து, விரலை நனைத்து, ஒரு தடவை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ரசீது எழுதினார், முத்திரை குத்தினார், என்னிடம் நீட்டினார். நோட்டுகளை நாலாக மடித்துப் பெட்டியின் வாயில் வைத்து விரலால் உள்ளே தள்ளினார். தொப்பென்று விழுந்த சத்தம் மேடையில் இருந்த எங்களுக்குக் கேட்டது.

கைக்குட்டையின் முகத்தை அப்போது பார்த்தேன். வியர்வைக் காசு என்று மேயர் சொன்னது சரிதான். வியர்த்துக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்னால் சண்டை.

"யாருய்யா உன்னப் பெட்டியில போடச் சொன்னது?"

"வெளி வசூல் பெட்டியிலதான் போடணும்," என்றார் காசாளர்.

"தெற."

"சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு பேங்க் மேனேஜர்கிட்ட. ரெண்டு பேரும் இருந்தாத்தான் தெறக்கும்."

"இது உனக்கு ஏன் முன்னாலயே சொல்லத் தெரியல?"

"நீங்க கேக்கலையே. எல்லாருக்கும் தெரியுமே சார். நீங்க வரி கட்ட வந்ததே இல்லையா?"

கைக்குட்டை பெட்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். "ரசீத ரத்து பண்ணு."

"பண்ணலாம். காரணம் எழுதணும். மேயர் கையெழுத்துப் போடணும்."

காரணம் என்ன எழுதுவது? காசாளர் ஏதோ எனக்கு நல்லது செய்யத்தான் இப்படிச் செய்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாக்கி நிற்கிறது என்று எழுதியிருந்தால் அதே முகத்தோடு என் குழாயையும் வெட்டச் சொல்கிற மனிதர் அவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெட்டியின் வாய்தான். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் ரசீதோடு வீட்டுக்கு வந்தேன். கைக்குட்டை அதைத் திருப்பிக் கேட்கவே மறந்துவிட்டார்.

மறுநாள் வந்தார். என் மனைவி விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து கைவிரல் இடுக்கில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பா அந்த எட்டாயிரத்து எழுநூத்தி நாப்பது? குடு," என்றார், நின்றுகொண்டே.

"எந்த எட்டாயிரம்?" என்று கொடிக்குப் பின்னாலிருந்து என் மனைவி கேட்டாள்.

"உன் வீட்டுக்காரர் கட்டினாரே, அது என் காசும்மா."

"அப்படியா சார்? மேயர் வேற மாதிரில்ல சொன்னாரு. வியர்வைக் காசு, யாரும் குடுத்த காசு இல்லன்னு மைக்குல சொன்னாரே. ஊரே கேட்டுதே. மேயர் பொய் சொன்னாருங்கிறீங்களா?"

கைக்குட்டை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். துடைக்காமல் உட்கார்ந்தார். "அவர்கிட்டயும் கேட்டுட்டேம்மா. 'அவன் கட்டினான்னு நானே எல்லார் முன்னாலயும் சொல்லியாச்சு, இப்ப வந்து என்கிட்ட காசு கேக்கற?'ங்கறாரு. பேப்பர்ல படமும் வந்துடுச்சு. இது என் தங்கச்சி புருசன்கிட்ட கைமாத்து வாங்கின காசு. அந்தாளு பொறுக்க மாட்டான். என் தங்கச்சியக் குத்திக் குத்திப் பேசியே கொன்னுடுவான்."

"ஐயோ பாவம்," என்றாள். பாவப்பட்ட குரல் இல்லை அது.

அவருக்கும் அது புரிந்தது. எழுந்து நின்றார். பழைய ஆள் ஆனார். "இங்க பாரு. பாக்கி தீந்துடுச்சு, குழாய வெட்ட முடியாதுன்னு நெனைக்காதீங்க. பாக்கி ஒண்ணுதான் காரணமா? மீட்டர் ஓடலன்னு வெட்டலாம். வீட்டு இணைப்புல தொழில் பண்றீங்கன்னு வெட்டலாம்." கொடியில் வரிசையாக ஆடிக்கொண்டிருந்த விரிப்புகளைப் பார்த்தார். "கண்ணெதிரே தொங்குதே. நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

என் மனைவி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவள் வாயடைத்து நின்று நான் அதிகம் பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இல்லை.

அவர் காசை விழுங்கிவிட எனக்கு எண்ணம் இல்லை. அந்த ஆள் மேல் உள்ள மரியாதையால் இல்லை. அவரிடம் கடன்பட்டவன் என்று ஊரில் நாலு பேர் சொல்வதைவிட மாநகராட்சிக்குக் கடன்பட்டவனாகவே இருக்கலாம்.

"சார்," என்றேன். "எனக்கு வரவேண்டியது பத்தொன்பதாயிரம் உங்க ஆபீஸ்லதான் கெடக்கு. அது வந்தா உங்க காச அன்னிக்கே எண்ணி வெச்சுடறேன். வரலன்னா என் தோலத்தான் உரிக்கணும். உரிச்சாலும் எட்டாயிரம் தேறாது."

"அது பொறியியல் பிரிவுய்யா."

"மாடி ஏறினா கால் வலிக்குமா சார்?" என்றாள் என் மனைவி. குரல் திரும்பி வந்துவிட்டது.

கைக்குட்டை என்னையும் பார்த்தார், விரிப்பையும் பார்த்தார். தங்கை புருஷனையும் மனதுக்குள் பார்த்திருப்பார். "காண்டிராக்டர் பில் நம்பர் என்ன?" என்றார். இந்தத் தடவை பேனா மூடியைக் கழற்றினார்.

பிறகு நடந்ததை மேஸ்திரிதான் சொன்னார். அவர் காண்டிராக்டரோடு அலுவலகத்துக்குப் போய்ப் போய்ச் செருப்புத் தேய்ந்தவர். எங்கள் கூலிக் கோப்பு ஒரு மேசையில், டீ கிளாஸ் வைத்து வைத்து வட்டம் வட்டமாகக் கறை பிடித்துக் கிடந்ததாம். அதில் ஒரே ஒரு கையெழுத்துப் பாக்கி. அதைப் போட வேண்டிய அதிகாரி வெளியூருக்கும் போகவில்லை, காய்ச்சலிலும் படுக்கவில்லை. எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். யாரும் வந்து அவசரம் என்று சொல்லவில்லை, அதனால் போடவில்லை என்றாராம். முப்பத்தெட்டு ஆளின் அடுப்பு அவருக்கு அவசரமாகப் படவில்லை. கைக்குட்டை கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தானே மாடிக்கு மாடி ஏறி இறங்கினார். பியூனிடம் கூடக் கொடுக்கவில்லை. அந்த வாரமே காசோலை ஆகிவிட்டது.

"மேயர் சொன்னாரே சேவை சேவைன்னு," என்றார் மேஸ்திரி. "இதாண்டா அது. நம்ம வயிறு காஞ்சப்போ நகராத பேப்பரு, அவன் பாக்கெட்டு காஞ்சதும் எப்படி ஓடுச்சு பாத்தியா?"

நாங்கள் அப்போது சந்தைக்குப் போகிற சாலையில் குழி அடைத்துக்கொண்டிருந்தோம். காண்டிராக்டர் காரில் வந்து இறங்கி, கவிழ்த்துப் போட்ட தார் டிரம்மின் மேல் நோட்டுக் கட்டுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஐந்து மாதம் நிறுத்தி வைத்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற மாதிரி ஒரு பெருமையோடு கொடுத்தார். வாங்கினவர்களில் பாதிப் பேர் அவரைக் கும்பிட்டார்கள். சொந்தக் கூலியை வாங்கக் கும்பிடு போடுகிறவர்களுக்கு அடுத்த தடவை பத்து மாதம் நிறுத்தலாம் என்று அவருக்கு அங்கேயே தெரிந்திருக்கும். நான் கும்பிடவில்லை. இரண்டு கையும் தாராக இருந்தது.

சாலையோரத்தில் இருசக்கர வண்டியை நிறுத்திவிட்டுக் கைக்குட்டை காத்திருந்தார். எங்கள் ஆட்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலை செய்தார்கள்.

"அடுத்த தடவ கூலி நின்னா காண்டிராக்டர்கிட்ட போகாதீங்கப்பா," என்றார் மேஸ்திரி, இடிகட்டையை ஓங்கிக்கொண்டே. "அந்தா நிக்கறாரே, அவருக்கு எவனாவது கடன் படுங்க. தன்னால வந்துடும்."

"நான் படறேன் மேஸ்திரி," என்றான் ஒருவன்.

"நீ போன வாரந்தான் பீடிக்கடைக்குப் பட்ட. மத்தவனுக்கும் விடு."

நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அவர் எதிரிலேயே பத்தொன்பதாயிரத்திலிருந்து எண்ணி எடுத்தேன். அவர் வாங்கி ஒரு தடவை எண்ணினார். காசாளர் மாதிரியே விரலை நனைத்து இன்னொரு தடவை எண்ணினார். ஒரு நோட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதுல தார் பட்டிருக்கு, மாத்திக் குடு," என்றார்.

"அது நெஜமான வியர்வைக் காசு சார்," என்றேன்.

அவர் நோட்டை நீட்டியபடியே நின்றார். மாற்றிக் கொடுத்தேன். தார்பட்ட நோட்டு என்னிடம் திரும்பி வந்தது. எந்தக் கடைக்காரரும் அதை வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

"குழாய்க்கு ஆள் வராதுல்ல சார்?"

"எதுக்கு வரணும்? எனக்கும் உனக்கும் கணக்கு தீந்துடுச்சு." காசைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "நல்ல நடிகன்யா நீ. அடுத்த வார்டுக்கும் வர்றியா?"

"பாக்கி இல்லையே சார்," என்றேன்.